வாஹித் பாயின் தோல் மூடி

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையில் வாஹித் பாஷா தரம் பிரிக்கிறவர். பதப்படுத்தி வந்த தோலை ஜன்னலோர மேசையில் விரித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறியது, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. முப்பத்தோரு வருடமாக இதே மேசை.

நான் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிறேன். விரிஞ்சிபுரம் பக்கத்தில் கிராமம். பி.எஸ்சி. இயற்பியல். முதல் பட்டதாரி சான்றிதழை வாங்கிய அன்று அதை மடிக்க மனமில்லாமல் பஸ்ஸில் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தவன். வாஹித் பாய் என்னை 'சயின்ஸு' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

அவரிடம் இரண்டு ஃபிலிம் கேமராக்கள் இருந்தன. ஒன்று பழைய எஸ்.எல்.ஆர். இன்னொன்று, இங்கே வந்து போன இத்தாலிய டெக்னீஷியன் ஒருவர் கொடுத்த சின்ன ரேஞ்ச்ஃபைண்டர். அதைப் பாய் தொட்டதே இல்லை. போன தை மாதம் இரண்டையும் என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

"நாகூருக்குப் போறோம் சயின்ஸு. எத எடுத்துக்கினு போறது?"

அவர் மனைவி மஹ்பூபிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வேலூரில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நடுவில் கிடைக்கும் இரண்டு நாளில் தர்காவுக்குப் போய்வர வேண்டும் என்பது பாயம்மாவின் ஆசை. பாயின் ஆசை வேறு. கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் மனைவி நேராகப் பார்க்கும் ஒரு படம்கூட அவரிடம் இல்லை. எஸ்.எல்.ஆரைத் தூக்கினாலே, "பீரங்கிய எடுத்துட்டாரு" என்று அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். எடுத்ததெல்லாம் பாதிக் கன்னமும் முக்காட்டு ஓரமும்தான்.

"போன்ல எடுக்கலாமே பாய்?"

"போன்ல எடுத்தா பசங்க ஊரு பூரா அனுப்பிடும்னு சொல்றா. ஃபிலிமுன்னா ஊட்டோட இருக்கும்."

நான் பாடமே நடத்தினேன். எஸ்.எல்.ஆரில் உள்ளே ஒரு கண்ணாடி எழும்பி விழும், அதுதான் அந்தச் சத்தம், கனமும் ஜாஸ்தி. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் தனியாக ஒரு ஜன்னல். அதில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்தால் போதும். சின்னது, சத்தமில்லாதது. "இதுதான் பாய் பயணத்துக்கு" என்றேன்.

மறுநாள் அந்த லென்ஸுக்குக் கறுப்பு ஆட்டுத்தோலில் ஒரு மூடி தைத்துக் கொண்டுவந்தார். லென்ஸின் கறுப்போடு கறுப்பாக, அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"எப்பிடி?"

"சூப்பர் பாய்."

போய் வந்ததும் டீக்கடையில் சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"கடற்கரையில ஒரே காத்து. மணலு உள்ள பூந்துடுமேன்னு ஒண்ணு எடுக்கறது, மூடி போட்டுடறதுன்னு இருந்தேன். திடீர்னு அவளே திரும்பி நின்னுக்கினு, 'எத்தினி வருஷம் திருடன் மாதிரி எடுப்பீங்க, இந்தாங்க, ஒழுங்கா எடுங்க'ன்னா. மனசு மாறிடப் போறாளேன்னு சடசடன்னு நாலு எடுத்தேன். நாலும் என்னப் பாத்து."

மூடியைக் கழற்றினீர்களா என்ற கேள்வி நாக்குநுனி வரை வந்தது. எஸ்.எல்.ஆரில் மூடி இருந்தால் கண்ணுக்கு இருட்டாகிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். அதை நான் முதலிலேயே படித்திருந்தேன். அவருக்குச் சொல்ல விட்டுப்போயிருந்தது. இப்போது கேட்டால் என் பாடம் அரைகுறை என்றாகிவிடும். கழற்றாமலா இருப்பார் என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தேன்.

ஃபிலிமைக் கழுவுவதற்குச் சென்னைக்கு அனுப்பினேன். திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. நான்காவது வாரம் பாயம்மா இறந்துவிட்டார்.

கவர் வந்த அன்று பிரித்துப் பார்த்துவிட்டு, ஃபிலிம் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாமென்றுதான் அவர் மேசைக்குப் போனேன். பாய் சுருளை வாங்கி, தோலைப் பார்ப்பதுபோலவே ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"இதுல படகு இருக்குது. அடுத்து நாலு ஒண்ணுமேயில்ல. அதுக்கப்பறம் மினாரா நல்லா விழுந்திருக்குது." சுருளை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "மூடி" என்றார். பிறகு, "நான் பாக்கறப்ப தெரிஞ்சாளே?" என்றார்.

"இந்தக் கேமராவுல மூடி போட்டிருந்தாலும் உள்ள தெரியும் பாய்."

"உனுக்கு அது எப்ப தெரியும்?"

"மொதல்லயே."

"டீக்கடையில சொன்னேனே, அன்னிக்கி?"

அன்றைக்குக் கேட்டிருந்தால் மறுபடி எடுக்க அவர் கையில் இன்னும் நான்கு வாரம் இருந்திருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது.

சுருளைக் கவரில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தார். அடுத்த தோலை எடுத்து விரித்தார்.

அவர் என்னிடம் சண்டை போடவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. கையெழுத்துக்குக் காகிதம் கொண்டுபோனால் எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறார். "எங்க போடணும் சார்?" என்று கேட்கிறார்.