லாஞ்சி ஓடாத நாளில் கண்ட ராசகுமாரி

பிள்ளைகளே, உங்கள் அம்மா ராச பரம்பரை. நான் சொல்லவில்லை, நெடுந்தீவில் உங்கள் அம்மப்பா சொல்லுவார். அங்கே இடிந்து கிடக்கும் கோட்டை அவருடைய பாட்டன்மார் கட்டியதாம். வெளியில் கேட்பாரற்று மேயும் குதிரைகள் அவர்களின் படையாம். ராச்சியத்தில் மிஞ்சியது ஓர் உவர்க் கிணறும் கொஞ்சப் பனையும்தான்.

அந்த அரண்மனைக்கு என் மாமாவோடு பெண் பார்க்கப் போனேன்.

"எனக்கு ஒரே மகள்," என்றார் ராசா.

அந்த ஒரே மகளாகத் தேத்தண்ணி கொண்டு வந்தவர் உங்கள் சின்னம்மா. குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சோழகக் காற்றில் கடல் குழம்பிவிட்டது; கரைக்குத் திரும்பும் பின்னேர லாஞ்சிப் படகு ஓடாது என்று துறையிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். மறிபட்ட விருந்தாளியை வீட்டில் தங்க வைக்காமல் விடுவது தீவில் பெரிய வெட்கம். "இருந்திட்டுப் போங்கோ," என்ற ராசாவின் கண் நெல் அறைக் கதவிலேயே நின்றது.

அந்தக் கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது.

"அப்பா, லாஞ்சி ஓடாதாம். நான் விடியுமட்டும் இதுக்குள்ளயோ கிடக்கிறது? கொண்டியை எடுங்கோ!"

"பூனை," என்றார் ராசா.

"நல்லாக் கதைக்குது உங்கட பூனை," என்று மாமா எழும்பிப் போய்க் கொண்டியை நீக்கினார்.

தலையெல்லாம் உமி, கையில் ஊன்றுதடி, ஒரு கால் சூம்பியிருந்தது. அதுதான் உங்கள் அம்மா. மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுத்தால் ஊர் கேட்கும் என்று, மூத்தவளே இல்லையென்று ஆக்கிவிட்டார் ராசா.

"தூரத்துச் சொந்தம். உதவிக்கு நிக்கிற பிள்ளை."

"ஓம், பிறந்ததிலயிருந்து நிக்கிறன்," என்றார் அம்மா. "ஆக்கள் வராத நாளில மூத்த மகள் எண்டும் கூப்பிடுறவை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாயோடு காலமெல்லாம் கதைக்கலாம் என்று பட்டது. இவரையே கட்டுகிறேன் என்று மாமாவின் காதில் சொன்னேன்; அவர் சபையில் சொன்னார். ராசா வாயைத் திறக்குமுன் அம்மா என்னிடமே கேட்டார்:

"லாஞ்சி ஓடியிருந்தால் என்னைப் பாத்திருப்பியளோ?"

"இல்லை."

"அப்ப இரக்கத்திலயோ கேக்கிறியள்?"

"இரக்கம் உங்கட அப்பாவிலதான்."

ராசகுமாரி சிரித்தார். சம்மதம் அதுதான்.

சீதனமாகக் குதிரைப்படையில் பாதியைத் தருவதாக ராசா வாக்களித்தார். பிடிப்பது மட்டும் என் பொறுப்பாம். அம்மா அந்தக் கொண்டியைக் கழற்றிக் கையோடு கொண்டு வந்தார். நம் குசினியில் சமையல் மேசை ஆடாமலிருக்க, காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்கும் இரும்பு அதுதான்.