என் புட்டின் மேல் விழுந்த பழி

பாரிஸின் லா சப்பலில் நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி. ஒரு படுக்கையறை, ஒரு குசினி, அவ்வளவுதான். 2012 குளிர்காலத்தில் ஒரு நாள் சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். மழையில் நனைந்து காயாத துணியின் மணம் முகத்தில் அடித்தது. அலுமாரியை இழுத்துப் பார்த்தால், பின்சுவரில் என் தோள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம்.

பூஞ்சணம் கொல்லும் ஜவெல் திரவத்தை ஊற்றித் துடைத்தேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி துடைத்தேன், மறுபடி வந்தது.

சொல்லியனுப்பியபோது வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் வந்தார். குசினி வாசலோடு நின்றுவிட்டார். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

"மதாம், நாள் முழுக்க ஆவியில் சமைத்தால் சுவர் நனையாமல் என்ன செய்யும்?" என்றார். சுவரைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

அப்போது எனக்குப் பிரெஞ்சு விளங்கும். திருப்பிச் சொல்ல வராது. கோபத்தை விட வெட்கம்தான் அதிகம் வந்தது. என் சமையல்தான் வீட்டைக் கெடுக்கிறது என்று நம்பிவிட்டேன். அன்றோடு புட்டும் இடியப்பமும் நின்றன. உணவகத்துக் குசினியில் வேலை செய்த என் கணவர், எங்கள் வீட்டில் பேக்கரிப் பாண் சாப்பிட்டார்.

"இஞ்சாரும், நாளைக்கும் பாணோ?"

"ஓம். சுவர் காயட்டும்."

சுவர் காயவில்லை. பூஞ்சணம் என் தலைக்கு மேலே ஏறியது.

நான் போய்க்கொண்டிருந்த பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். நகரசபைக்கு எழுதினால் வீட்டை வந்து சோதிப்பார்கள் என்றார். கடிதத்தை நானே எழுதினேன். அவர் இரண்டு இடத்தில்தான் திருத்தினார். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும்போது ஏதோ பரீட்சையில் பாஸானதுபோல் நடந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, நல்ல மழைக்குள், சோதனைக்கு ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும், குள்ளமானவர். வாசலில் எங்கள் செருப்புகளைக் கண்டதும் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினார். வழக்கமாக என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார்.

"பெரிதாக ஒன்றும் இல்லை" என்று பொய் சொன்னேன்.

அவர் சிரித்தார். "வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள், மதாம். அப்போதுதான் எனக்குத் தெரியும்."

ஆக, பல வாரங்களுக்குப் பிறகு, நகரசபையின் கட்டளைப்படி புட்டு அவித்தேன்.

ஆவி எழும்பியதும் அவர் ஒரு மெல்லிய காகிதத்தைக் குசினிச் சுவரின் காற்றுத்துளையில் வைத்துக் கையை எடுத்தார். காற்று இழுத்தால் காகிதம் ஒட்டி நிற்க வேண்டுமாம். அது கீழே விழுந்தது. கதிரையில் ஏறி மூடியைக் கழற்றி உள்ளே கைவிட்டார். முதலில் ஒரு நீலக் கம்பளிக் கை வந்தது, பிறகு முழு சுவெட்டரும் வந்தது.

அன்று வேலையில்லாமல் வீட்டில் நின்ற கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"குளிர் உள்ளுக்கை வருதெண்டு நான்தான் அடைச்சனான்."

"இதைத்தானே உடுப்புத் தோய்க்கிற கடையிலை ஆரோ களவெடுத்திட்டினமெண்டு சொன்னனீங்கள்!"

இப்போது காகிதம் துளையில் ஒட்டி நின்றது. அப்படியென்றால் பிழை எங்களுடையதுதானா?

அந்தப் பெண்மணி பையிலிருந்து ஈரம் அளக்கும் கருவியை எடுத்தார். குசினிச் சுவரில் வைத்தார், பச்சை விளக்கு. புட்டுப்பானைக்குப் பக்கத்திலேயே சுவர் காய்ந்திருந்தது! படுக்கையறையில் வைத்தார், சிவப்பு. மேலே போகப் போக எண் ஏறியது. அவர் யன்னலைத் திறந்து மழைக்குள் பாதி உடம்பை வெளியே விட்டார். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவருடைய கோட்டுப் பட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இதோ!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் மூட்டில் பிளந்து, தண்ணீர் எல்லாம் எங்கள் சுவரில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஆவியால் யன்னல் வியர்க்கும், துளையை அடைக்காதீர்கள்" என்றார், நனைந்த தலையோடு. "ஆனால் இந்தச் சுவரை நனைப்பது உங்கள் சமையல் இல்லை. குழாய்."

"புட்டு இல்லையாம்!" என்று கத்தினேன்.

"ஓமப்பா, எனக்கும் கேட்டது" என்றார் கணவர். அவர் முகமெல்லாம் பல்.

அந்தப் பெண்மணிக்குத் தலை துவட்டத் துவாய் கொடுத்தேன், புட்டும் கொடுத்தேன். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்றவர், தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சோதனையை முடிக்க வேண்டும்தானே" என்று சொல்லி வாழைப்பழத்தோடு பிசைந்து சாப்பிட்டார்.

அவருடைய அறிக்கை சொந்தக்காரருக்குப் போனது. வசந்தத்தில் ஆட்கள் வந்து குழாயை மாற்றினார்கள். சுவர் காய முழுக் கோடையும் எடுத்தது. நான் தினமும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன்.

செப்டம்பரில் நாங்களே பெயின்ட் அடித்தோம். கணவருக்கு வெள்ளை வேண்டும், எனக்கு மஞ்சள். மஞ்சள் வென்றது. வேலை பாதியில் பசி எடுத்து, தலையிலும் காதிலும் பெயின்டோடு தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவுக்கு இறங்கினோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் மஞ்சள் மூட்டைக்குள்ளை விழுந்தனீங்களோ?"

நான்கு மாடி ஏறி முடியும்வரை எங்களுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.