கல்லாவுக்கு மேலே நைனா

சென்ற மாதம் செஞ்சியில் ஒரு புதுமனை புகுவிழா. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி, ஓய்வு பெற்றதும் சொந்த ஊரில்தான் இருப்பேன் என்று திண்டிவனம் சாலையில் வீடு கட்டியிருக்கிறாள். செஞ்சி எனக்கும் சொந்த ஊர்தான் என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். எந்தத் தெரு என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

காலைப் பொங்கலோடு விழா முடிந்துவிட்டது. சமையற்காரர்கள் அண்டாவைக் கவிழ்த்துக் கிளம்பிவிட்டார்கள். மதியம் மிச்சமிருந்த நாலைந்து பேருக்குத் தோழியின் மாமியார் பேரனைக் கூப்பிட்டு, “அந்த மல்லாட்டக் கொழம்பு கடையில சொல்லிடுடா” என்றார். பையன் போனைத் தட்டினான். அரை மணி நேரத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்து பார்சலை நீட்டிவிட்டுப் போனான்.

குழம்பு டப்பாவின் மூடியைத் திறந்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். மல்லாட்டைக் குழம்பு எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் எல்லோரும் கடலையை வறுத்து, தேய்த்து, தோலைப் புடைத்துவிட்டுத்தான் அரைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் தோலோடு அரைப்பது வழக்கம். பெரிய கைப்பக்குவம் ஒன்றுமில்லை. கழனி வேலைக்குப் போய்விட்டு வரும் அம்மாவுக்குப் புடைக்க நேரமில்லை, அவ்வளவுதான். அந்தச் சோம்பலால் குழம்பில் ஒரு லேசான துவர்ப்பும் ஒரு சிவப்பும் வந்துவிடும். கடைசியில் பூண்டைத் தோலோடு தட்டிப் போடுவது என் அண்ணன் சேர்த்த சோம்பல். இரண்டும் சேர்ந்த வாசனை அந்தப் பளபளக்கும் புது வீட்டில் எழும்பியது.

“எந்தக் கடைங்க இது?” என்றேன்.

“எங்க இருக்குதுன்னு யாருக்குமே தெரியலம்மா. போர்டு கெடையாது. ஆனா ரொம்ப சுத்தம். எங்க வீட்ல வாரத்துக்கு ரெண்டு தடவ இதான்” என்றார் மாமியார்.

தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டேன். என் சமையலைச் சாப்பிட்டுப் பழகிய வாய்க்கு எதுவுமே அமிர்தம்தான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அன்றைக்கு எனக்கு ருசி தெரிந்ததா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

மல்லாட்டை வாசனை என்றால் எனக்கு முதலில் நைனாதான், எங்கள் அப்பா. கடைத்தெருவின் கோடியில் இருந்த மல்லாட்டை மண்டியில் அவர் மூட்டை தூக்கினார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல் எல்லாம் கடலைத்தோல் தூசி ஒட்டிச் சிவப்பாக இருப்பார். தலையில் கட்டிய துண்டை அம்மா வெளியே நின்று உதறினால் தெருவே தும்மும். மண்டியிலிருந்து கடைத்தெருவின் பெரிய ஓட்டலுக்கும் அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்குவார். பின்வாசல் வழியாகப் போய், இறக்கிவிட்டு, அங்கேயே நின்று டீ குடித்துவிட்டுத் திரும்புவார். அந்த ஓட்டலில் மேசைக்கு வெள்ளைக் கல் போட்டிருந்தார்கள். “கைய வெச்சா ஜில்லுனு இருக்குமாம்” என்று எங்களிடம் ஆச்சரியமாகச் சொல்வார். அந்த ஓட்டலுக்கு அரிசி சுமந்த மனிதர் அந்த மேசையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் பேசினார். சின்ன வயதில் எனக்கு அந்த ‘இருக்குமாம்’ உறைக்கவில்லை.

அண்ணன் செல்வத்துக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எங்கள் காலனியிலிருந்து கடைத்தெருவில் முதன்முதலாகக் கடை போட்டது அவன்தான். முதலில் கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடை. அப்புறம் எஸ்.டி.டி. பூத். கல்லூரி முடிந்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பூத்தில் நான்தான் மகாராணி. கண்ணாடிக் கூண்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பம்பாயில் இருக்கும் மகனுக்குக் கேட்க வேண்டுமே என்று ராஜகிரி மலை உச்சிக்கே கேட்கும்படி கத்துவார்கள். கண்ணாடியைச் சாத்தி என்ன பயன், குடும்ப ரகசியமெல்லாம் எனக்கு மனப்பாடம். அதன் பிறகு ஜெராக்ஸ், அதன் பிறகு பிரவுசிங் சென்டர். பரீட்சை முடிவு வரும் நாளில் வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. ஊருக்குள் எது புதிதாக வந்தாலும் அண்ணன்தான் முதலில் கொண்டுவருவான். நாலு பேர் அதே கடையைப் போட்டதும் அடுத்ததற்குத் தாவிவிடுவான்.

எங்கள் அலுவலகத்தில் தொழில்முனைவோர் பயிற்சி என்று அவ்வப்போது வகுப்பு நடக்கும். ஆதிகாலத்தில் பண்டமாற்று, பிறகு வணிகர் கூட்டம், பிறகு ஆலை, இப்போது செயலி என்று திரையில் படம் படமாக வரும். துணிச்சல் வேண்டும், சந்தையைப் படிக்க வேண்டும் என்பார்கள். எல்லாம் சரிதான். பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டே நான் அண்ணனை நினைத்துக்கொள்வேன். பாட்டு விற்றான், குரல் விற்றான், காகிதம் விற்றான். இதெல்லாம் அவன் சந்தையைப் படித்து எடுத்த முடிவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நைனா போட்ட கோடு அது.

“எத வேணா வில்லுடா. வாயில போடறத மட்டும் விக்காத. நம்ம கையால எவன் துண்ணுவான்?”

அண்ணனுக்கோ ஆசையெல்லாம் ஓட்டல் மேல்தான். சமைக்கத் தெரிந்தவன், அதைவிடப் பரிமாறத் தெரிந்தவன். பூத்துக்கு வருகிறவனிடம்கூட “சாப்டியா?” என்று கேட்டுவிட்டுத்தான் நம்பரைக் கேட்பான். நைனா இருக்கும்வரை கோட்டைத் தாண்டவில்லை. நைனா போன மறு வருஷம், எல்லார் கையிலும் போன் வந்து பிரவுசிங் சென்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம், மொபைல் கடை போடு என்று ஊரே சொன்னது. அண்ணன் ஓட்டல் போட்டான்.

மேசைக்கெல்லாம் வெள்ளைக் கல் போட்டான். கல்லாவுக்கு மேலே நைனாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டினான். எங்களிடம் இருந்ததே ஒரே ஒரு படம்தான், மண்டி வாசலில் தலையில் துண்டோடு நிற்பது. ஸ்டூடியோக்காரர் துண்டை எடுத்துவிட்டுச் சட்டையும் கோட்டும் போட்டுத் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னார். “துண்ட எடுத்துட்டா அது எங்க நைனா இல்ல சார்” என்றுவிட்டான் அண்ணன்.

கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் புதுக்கடை திறந்தாலும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து முதல் போணி செய்ய வேண்டும். துணிக்கடை என்றால் ஒரு துண்டாவது எடுப்பார்கள், ஓட்டல் என்றால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. எல்லாரும் சிரித்த முகமாகத்தான் வந்தார்கள். கையைக் குலுக்கினார்கள், நைனா படத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர், “வேல கெடக்குது செல்வம், பார்சல் கட்டிடு” என்றார். அடுத்தவரும் பார்சல் என்றார். அதற்கடுத்தவரும். வெள்ளைக் கல் மேசைகள் காலியாகக் கிடக்க, அண்ணன் வேர்க்க விறுவிறுக்கப் பொட்டலம் கட்டினான். “மொத நாளே எவ்ளோ பார்சல் பாத்தியா!” என்று என்னிடம் பூரித்துப்போய்ச் சொன்னான். அந்தப் பார்சல்கள் எங்கே பிரிக்கப்பட்டன, பிரிக்கப்பட்டனவா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை நிறையும். கோட்டை ஏறி இறங்கிவரும் வெளியூர்ப் பிள்ளைகள் பசியில் படத்தையா பார்ப்பார்கள்? காலனியிலிருந்தும் வந்து உட்காருவார்கள். மற்ற நாட்களில் மேசைக் கல் ஜில்லென்றே இருக்கும்.

ஒரு நாள் நெல் போட வந்த பெரியவர் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் விடுமுறையில் போயிருந்தேன், கல்லாவில் இருந்தது நான்தான். அண்ணனே ஓடிப்போய் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்தான். பெரியவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

“இவரு மண்டியில மூட்ட தூக்குனவரு இல்ல?”

“ஆமாங்க, எங்க நைனாதான்! தெரியுமா அவர?” அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“தெரியாம இன்னா” என்றவர் சட்டைப்பையைத் தடவினார், மேசைக்கடியில் பார்த்தார். “பைய பஸ்ஸுலயே வெச்சிட்டேன் போல. பாத்துட்டு வந்துடறேன்” என்று எழுந்து போனார்.

அண்ணன் குழம்பு வாளியோடு அங்கேயே நின்றான். அண்ணி வந்து இலையை எடுக்கப் போனாள். “இரு, வந்துடுவாரு” என்றான். சோறு காய்ந்து பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. சாயங்காலம் காபிக்கு ஆள் வரும் நேரம்வரை அந்த இலை அந்த மேசையிலேயே இருந்தது. அவனும் வாசலைப் பார்த்தபடியே இருந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கல்லாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் நல்ல மனிதர். அண்ணன் மேல் உண்மையிலேயே பிரியம் உள்ளவர். அன்று மாலை அவரே வந்து மெதுவாகச் சொன்னார்.

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் செல்வம். அந்தப் போட்டோவ உள்ள மாட்டிட்டு, இங்க ஒரு புள்ளையார் படத்த வெச்சிடு. கைப்பக்குவம் இருக்குது, யாவாரம் பிச்சிகினு போகும்.”

அவர் போனதும் அண்ணி அழ ஆரம்பித்தாள். “புள்ளைய படிக்க வெக்கணும். உள்ள மாட்னா மாமா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு” என்றாள்.

“கோச்சிக்க மாட்டாரு. அவரு எதுக்குத்தான் கோச்சிகினாரு? பின்னாடி போய் நில்லுன்னாங்க, நின்னாரு. இப்ப நானும் போயி, பின்னாடி நில்லு நைனான்னு சொல்லணுமா?”

படம் இருந்த இடத்திலேயே இருந்தது, கடைதான் நிற்கவில்லை. மேசைகளை யாரோ ஒரு பேக்கரிக்காரர் எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையலுக்குப் போய்ச் சேர்ந்தான். ஒரே மாதிரிச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையில் தட்டை நீட்டுவார்கள், இவன் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று ஊற்றுவான். “சாப்டியான்னு கேக்கக்கூட நேரம் இல்ல பாப்பா, பின்னாடி ஆளு நிக்குது” என்று போனில் ஒருமுறை சொன்னான். அங்கேயே ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு அழுகை வருகிறது, மன்னித்துவிடுங்கள்.

புது வீட்டில் கை கழுவிவிட்டு நேராகக் காலனிக்குப் போனேன். அண்ணன் மகள் வெண்ணிலா ஏதோ சமையல் செய்து விற்கிறாள் என்று மட்டும் தெரியும். கம்ப்யூட்டர் படித்த பெண், எதில் எப்படி விற்கிறாள் என்று கேட்டு எனக்குப் புரியப்போவதில்லை என்று விட்டிருந்தேன். வீட்டின் பின்கட்டையே பெரிய அடுப்படியாக்கியிருந்தாள். வறுத்த கடலை தோலோடு மிக்சியில் ஓடிக்கொண்டிருந்தது. நைனா அடுப்புக்கு மேலே தலையில் துண்டோடு நின்றார். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தினமும் துடைக்கிறாள்.

பார்சல் தயாரானதும் அவள் கணவன் வண்டியில் எடுத்துக்கொண்டு கூட்ரோட்டு மருந்துக்கடை முனைக்குப் போனான். ஹெல்மெட்காரர்கள் அங்கே வந்து வாங்கிக்கொள்வார்களாம். “ஏன், வீட்டுக்கே வரச்சொல்லக் கூடாதா?” என்றேன்.

“இந்த அட்ரஸ் போட்டா ஆர்டர் விழாது அத்தே” என்றாள், உப்பு சரிபார்த்துக்கொண்டே.

மதியம் எங்கே சாப்பிட்டேன் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “இன்னா சொன்னாங்க?”

“ரொம்ப சுத்தமா இருக்குதாம்.”

அவள் சத்தமாகச் சிரித்தாள். “அப்பா கடையில ஒரு மாசத்துக்கு வந்த ஆளுங்கள விட நமக்கு ஒரு நாளைக்கு அதிகம் அத்தே” என்றாள். உண்மைதான். அவளை நான் எதற்குக் குறை சொல்ல? பிழைக்கத் தெரிந்த பெண். சிரிக்கத்தான் எனக்கு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தவள், “அதே வீடு அத்தே! ராத்திரிக்கும் சொல்லிட்டாங்க” என்றாள். வாழையிலையை வாட்டி, டப்பாவில் விரித்து, குழம்பை ஊற்றி அழகாகக் கட்டினாள். நான் எப்படியும் தோழியிடம் சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். கையை நீட்டினேன்.

“குடு, நானே கொண்டு போய்க் குடுத்துட்டுப் போறேன்.”

“ஐயோ, வேணாம் அத்தே” என்று பார்சலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “தெரிஞ்சிடும்.”

தோழியிடம் போனிலேயே சொல்லிக்கொண்டேன். பஸ் கடைத்தெருவைத் தாண்டும்போது அண்ணன் கடை இருந்த இடத்தை எட்டிப்பார்த்தேன். செல்போன் உறைகள் தோரணமாகத் தொங்கின. எல்லாரும் எங்கள் வீட்டுக் குழம்பைச் சாப்பிடுகிறார்கள், நன்றாக இருக்கட்டும். இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோற்றையும் வைத்துவிட்டு, அவர் வந்துவிடுவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள்தான் அந்தத் தெருவில் இப்போது இல்லை.