உலைக்குப் போகாத ஒரு பிடி

கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்தில், செங்கல் என்ற ஊருக்கு வாழ வந்து வருஷங்கள் ஆகியும், காலையில் மாமியின் கை செய்யும் ஒரு காரியம் எனக்குக் கனவில் நடப்பதுபோலவே இருக்கிறது. என் மாமியார் நாழியால் அரிசியை அளந்து பானையில் போடுவார். பிறகு யாரோ கூப்பிட்டதுபோலச் சற்று நின்று, கையை விட்டு ஒரு பிடியைத் திரும்ப எடுத்து மூலையிலுள்ள மண்கலயத்தில் போட்டுவிடுவார். தஞ்சாவூர்க்காரியான எனக்கு இது அடுக்குமா? எங்கள் பக்கம் அளந்ததற்கு மேல் ஒரு பிடி போடுவார்களே தவிர எடுக்க மாட்டார்கள். இங்கேயும் தமிழ்தான், பாதிப் பேச்சில் மலையாளத்துக்குத் தாவிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் மழை வேறு, மண் வேறு, அரிசியின் நிறமே வேறு. ஜன்னலுக்கு வெளியே மரச்சீனி என்று இவர்கள் சொல்லும் மரவள்ளியின் இலைகளில் தூறல் விழ, உலை ஆவிக்குள் மாமியின் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். நானும் ஒன்றும் கேட்டதில்லை.

போன மாசியில் அம்மா முதல்முறையாக வந்தாள். ரயிலில் காலடியில் வைத்துக் காவல் காத்து ஒரு பை பொன்னி அரிசி கொண்டுவந்திருந்தாள். மறுநாள் மாமி அதையே அளந்தார். வழக்கம்போல ஒரு பிடியை எடுத்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம்! “நான் கொண்டாந்த அரிசியையே எனக்குப் போட மனசு வரலியா? எம் பொண்ணுக்கு தினமும் இப்படித்தான் அளக்கிறீங்களா? துணியை எடுத்து வைடி, கிளம்பு!” அம்மாவோடு போனால் இந்த வீட்டு வாசலை மறுபடி எந்த முகத்தோடு மிதிப்பேன்? போகாவிட்டால் அவளுக்கு நான் யார்?

மாமி கலயத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கோவிக்காதீங்க மைனி. யுத்த காலத்துல பர்மா அரிசி நின்னுபோச்சு. ரேஷன்ல கிட்டினது கஞ்சிக்கும் காணாது. அப்ப பொழியூருல கெட்டிக்குடுத்த எனக்க அக்கா வயித்துப்பிள்ளையோட நடந்து வந்தா. ‘ஒரு வாய் சோறு உண்டா அம்மை’ன்னு கேட்டா. இல்லேன்னு சொல்லி மரச்சீனியக் குடுத்து அனுப்பினோம். அதுக்குப் பெறவு எங்க வீட்டுல யாருட்டயும் இல்லேன்னு சொன்னதில்ல. இந்தப் பிடி, சொல்லாம வாறவங்களுக்கு ஆக்கும்.”

அம்மா கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, “நானும் சொல்லாம வந்தவதானே?” என்றாள்.

மாமி சிரித்துக்கொண்டே கலயத்தை அப்படியே பானையில் கவிழ்த்தார். பொன்னி குழைந்து கூழாகியது. அதன் நடுவே கலயத்திலிருந்த இந்த ஊர்ச் சிவப்பரிசி வேகாமல் விறைத்து நின்றது. “சோறா இது, சல்லிக்கல்லா?” என்று கேட்டுக்கேட்டே அம்மா இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கோடையில் சொல்லாமல் கொள்ளாமல் தஞ்சாவூர் போனேன். எத்தனை நாள் ஏங்கிய வீடு! கட்டாந்தரையில் வெயில் விழுந்து கிடக்க, அரைத்தூக்கத்தில் எழுந்து நானே அரிசி அளந்தேன். நான் நினைக்கவே இல்லை. கை தானாகப் பானைக்குள் போய் ஒரு பிடியை எடுத்துவிட்டது. அதைப் போடக் கலயம் தேடித் திரும்பினால், அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

“உலையிலயே போட்டுடுடி,” என்றாள் மெதுவாக. “சொல்லாம வந்திருக்கிறது நீதானே.”

மூடிய கையோடு நின்றேன்.