கண்டக்டர் ஏழுமலை அண்ணனுக்கு வந்தது அக்கி இல்லை

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, வடக்கனந்தலில் அவர் வீட்டிலேயே.

கள்ளக்குறிச்சி - வெள்ளிமலை மினி பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. நான் டிரைவர், அவர் கண்டக்டர்... பல வருஷமாக ஒரே வண்டி, ஒரே டீக்கடை, தினம் ஒரு சண்டை.

உண்மையைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். போன் வந்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. கடைசி வாரங்களில் அவர் பட்ட வலியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பஸ்ஸில் யாராவது கைக்குழந்தையோடு நின்றால் போதும். கேட்கக்கூட மாட்டார், குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வார். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் டிக்கெட்... பாதி நாள் சட்டை நனைந்திருக்கும்.

"டிக்கெட் போடுங்கண்ணா, தாலாட்டு அப்பால பாடலாம்" என்று கத்துவேன்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா. வளைவுல தூக்கிப் போட்டின்னா கொயந்த முழிச்சிக்கும்" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் ஒருநாள், கச்சிராயபாளையம் ஸ்டாப்பில் ஒரு பெண் நீட்டிய குழந்தையை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாணாம்மா... எனக்கு ஒடம்புல அக்கி வந்துருக்கு."

விலா ஓரமாக, வரிசையாக, சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள். எங்கள் பக்கம் அக்கி என்றால் ஊசி தேட மாட்டோம், காவியைக் குழைத்து அதன்மேல் எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் போவோம். அவரும் போய் எழுதிக்கொண்டார்.

காவி உதிர்ந்தது. கட்டி உதிரவில்லை.

சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு இட்லியைப் பிட்டுத் தின்றுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்பார், "கேஸுதாண்டா" என்று சோடா குடிப்பார். அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதே சமயத்தில்தான் மகள் சுமதி பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. அவருக்கு முதல் பேத்தி.

பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, அக்கி வந்தவர் கிட்டே வரக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இவரும் மறுபேச்சு பேசவில்லை, ராத்திரியில் பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டார். பகலில் வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

"யாரு ஜாடைடா அது? தூரத்துல இருந்து ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்று என்னிடம் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும்... யார்மேல் என்றுதான் தெரியாது.

கட்டிகள் முதுகுக்கும் பரவியபோது, போதும் என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தோலில் சின்னதாக ஒரு துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றையும் பார்த்தார்கள்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். "இது அக்கி இல்லைங்க. வயித்துல கேன்சர் இருக்கு, அதுதான் தோல் வரைக்கும் பரவியிருக்கு. ரொம்ப முத்திப் போச்சுங்க."

அண்ணன் சேரில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இது கொயந்தைக்கு ஒட்டிக்குமாங்க?"

"கேன்சர் யாருக்கும் ஒட்டாதுங்க."

"தூக்கலாமா? மாருமேல போட்டுக்கலாமா? முன்னாடி பஸ்ஸுல தூக்கினேனே, அந்தக் கொயந்தைங்களுக்கும் ஒண்ணும் ஆயிருக்காது இல்ல?"

"ஒண்ணும் ஆகாதுங்க. நல்லாத் தூக்குங்க."

மனிதர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார்... அந்த ரூமில் அழுதவன் நான்தான்.

"இன்னாடா நீ... அவங்க நல்ல சேதி சொல்லிக்கினு இருக்காங்க, நீ அழுதுகினு இருக்க" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

வீட்டுக்குப் போனதும் கைகால் கழுவிக்கொண்டு நேராக உள்ளே போனார். "சுமதி, ஒட்டாதாம்மா. டாக்டரே சொல்லிட்டாங்க. குடு."

என்ன வியாதி என்று அவர் சொல்லவே இல்லை. அதை அண்ணியிடம் தனியாகக் கூப்பிட்டு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் வெளியே நின்று அழுதபோது, உள்ளே அவர் குழந்தையைக் கொஞ்சுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கீமோவுக்குக் கொஞ்ச காலம் போனார். உடம்பு தாங்கவில்லை. அப்புறம் வலிக்கு மட்டும் மருந்து... அதுவும் கடைசியில் போதவில்லை.

ஆனாலும் வலி கொஞ்சம் விட்டால் பேத்தியைக் கேட்பார். கட்டி இல்லாத இடது தோளாகப் பார்த்துச் சாய்த்துக்கொள்வார், அவளும் அப்படியே தூங்கிப் போவாள்.

இன்று காலை நான் போனபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் தெளிவாக இருந்தது. பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

சுமதி குழந்தையோடு கிட்டே போனாள். சொந்தக்கார அம்மா ஒருவர், "கொயந்தைய கிட்ட கொண்டுபோவாதடி, கட்டி ஒட்டிக்கப் போவுது" என்றார்.

"ஒட்டாது அத்த" என்றாள் சுமதி. "எங்கப்பாகிட்ட சாவப்போறன்னு சொன்னாங்க. அவரு மொதல்ல கேட்டதே அதத்தான்."

அவள் குனிந்து குழந்தையை அவர் பக்கத்தில் விட்டாள், அது தவழ்ந்து மேலே ஏறி, இடது தோளில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

மாலையில் எடுக்கிறார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

வலி விட்டுதுண்ணா. தூங்குங்க.