தோகாஷியின் கண்

ஜப்பானின் செகி ஊரில் வாளைப் பற்றித் தோகாஷிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இதைத் தோகாஷியே பலமுறை சொல்லியிருக்கிறார். நகவெட்டிக்கு அட்டைப்பெட்டி செய்யும் தொழிலை மகனிடம் விட்ட பிறகு, சொல்வதற்கு நேரமும் தாராளமாகக் கிடைத்தது.

வாள் ரசிகர் சங்கத்தில் யாராவது ஒரு வாளைப் பார்த்து நல்லாயிருக்கு என்றால், "ஆமா, மீன் வெட்ட நல்லாயிருக்கும்" என்பார். சொன்னவர் அதோடு வாயை மூடிக்கொள்வார்.

இன்றைய கொல்லர்களில் ஹிரூமா ஒருவரைத்தான் அவர் மனிதராக மதித்தார். அவரிடம் சொல்லிச் செய்த வாள், ஜரிகைப் பையில் ஆறு வருடமாக அலமாரியில் இருந்தது. விருந்தாளிகளுக்குப் பையைக் காட்டுவார். வாளை உருவித் துடைத்து எண்ணெய் பூசுவதெல்லாம் மனைவி சுமியேதான்.

"ஒரு தடவை நீங்களும் எடுத்துப் பாருங்களேன்" என்பாள் அவள்.

"என் வாளை நான் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

இப்போது அவருக்கு வேண்டியது சங்கத்தின் நடுவர் இடம். இத்தனை நாள் நடுவராக இருந்த கிழவர் ஓனுகிக்குக் கண் மங்கிவிட்டது. இலையுதிர்காலக் கூட்டத்தில் அடுத்த நடுவரைச் சொல்லப்போகிறார். அதற்காக வரிசையில் நின்று கஷ்கொட்டை மிட்டாய் வாங்கி, அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார் தோகாஷி.

ஓனுகி நல்ல மனிதர். கொடுப்பதைக் கௌரவமாகக் கொடுக்க நினைத்தார். சுமியேவிடம் ரகசியமாகக் கேட்டு, தோகாஷியின் வாளையே வரவழைத்தார். கூட்டத்தில் நடக்கும் போட்டியில் கடைசிக் கேள்வியாக அதை வைத்தால் பட்டென்று சொல்லிவிடுவார், எல்லாரும் கை தட்டுவார்கள், அப்போது அறிவித்துவிடலாம். சுமியே வாளைச் சாதாரணத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கணவருக்குச் சந்தேகம் வராமலிருக்க, ஜரிகைப் பைக்குள் ஒரு திரைச்சீலைக் கம்பியைச் செருகி வைத்தாள்.

கோயில் மண்டபத்தில் வாள்கள் வரிசையாக இருந்தன. கைப்பிடிக்குள் போகும் அடிப்பகுதியில்தான் கொல்லரின் பெயர் இருக்கும். அதைத் துணியால் சுற்றிவிடுவார்கள். இரும்பைப் பார்த்தே செய்தவர் யாரென்று எழுத வேண்டும். வாள் கையில் இருக்கும்போது பேசக்கூடாது, எச்சில் தெறித்தால் துரு. அதனால் தோகாஷி முகத்தாலேயே பேசுவார். அவர் புருவம் ஏறினால் பின்னால் வருகிறவர்கள் நல்ல பெயராக எழுதுவார்கள். உதடு பிதுங்கினால் தாளும் அப்படியே.

கடைசி வாளுக்கு வணங்கி, எடுத்து, விளக்கில் சாய்த்தார். உதடு பிதுங்கியது. சூடான பாத்திரத்தை வைப்பதுபோலக் கீழே வைத்தார். அடுத்து எடுத்த ஒவ்வொருவருடைய உதடும் பிதுங்கியது.

தாள்களை வாங்கிக்கொண்டு ஓனுகி ஆசையாகக் கேட்டார்: "என்ன தோகாஷி சான், தெரிஞ்ச முகமா இருக்கா?"

"இந்த மூஞ்சியோட எனக்கென்ன சகவாசம்? தொழில் பழகுற எவனோ அடிச்சது. விளிம்புல அலை மாதிரி கோடு வரணும்னு பார்த்திருக்கான், உடோன் நூடுல்ஸைக் கொட்டின மாதிரி வந்திருக்கு. காசு குடுத்து இதைச் செய்யச் சொன்னவனுக்குக் கண்ணு பொட்டையா?"

விருந்தினராக வந்து பின்வரிசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஹிரூமா கோப்பையைக் கீழே வைத்தார்.

ஓனுகி துணியை அவிழ்த்தார். ஒரு பக்கம் ஹிரூமாவின் பெயர். மறுபக்கம், 'தோகாஷி அவர்களின் விருப்பப்படி'.

தோகாஷி அதை இரண்டு முறை படித்தார். வாளைத் தன்னுடையது என்றால் கண் போயிற்று. கண் போனால் நடுவர் இடமும் போயிற்று.

"போலி" என்றார்.

"உங்க வீட்டுலேருந்து வந்தது தோகாஷி சான். உங்க சம்சாரம்தான் குடுத்தாங்க."

"அப்போ வீட்டுலயே எவனோ மாத்தியிருக்கான்!"

மீன்கடை குசே தொண்டையைச் செருமினார். அவர் தாளிலும் 'தொழில் பழகுகிறவன்' என்றுதான் இருந்தது. "எனக்கும் அப்பவே சந்தேகம். ஹிரூமா சான் கைக்கு இப்படியெல்லாம் வராது."

"வரவே வராது" என்றார் பக்கத்திலிருந்தவர். வாள் நிஜமென்றால் மண்டபமே குருடு. ஆகவே ஒருமனதாக அது போலி ஆகிவிட்டது.

எல்லாரும் ஹிரூமாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து, தான் அடித்த வாளை வணங்கி எடுத்து உறையிலிட்டார். "என் பேர்ல போலி வெளியில சுத்தக் கூடாதில்லையா? நானே எடுத்துட்டுப் போறேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

தோகாஷி வாளின் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "எனக்கென்ன ஆட்சேபணை?"

ஓனுகி யார் பெயரையும் சொல்லாமல் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். சங்கத்தாரே கை தூக்கித் தோகாஷியை நடுவராக்கினார்கள். பேர்போன கொல்லரின் போலியை ஒரே பார்வையில் பிடித்தவராயிற்றே.

வீட்டில் சுமியே கேட்டாள்: "கை தட்டினாங்களா? வாள் எங்கே?"

"அது போலி."

சுமியே யோசித்தாள். "அப்போ நிஜம் எங்கேங்க?"

நடுவர் குளிக்கப் போனார்.

இப்போதும் விருந்தாளிகள் வருகிறார்கள். நடுவர் அலமாரியைத் திறந்து, இரண்டு கைகளாலும் ஜரிகைப் பையைத் தூக்கிக் காட்டுகிறார். அவிழ்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. திரைச்சீலைக் கம்பியும் உள்ளே சத்தமில்லாமல் இருக்கிறது.