கயிறு பிடிக்க ஓர் ஆள்

காட்டைக் காப்பாற்றும் வேலை என்றதும் புலி, யானை என்று நினைப்பீர்கள். பாதி நேரம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் புளியங்குடி பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுதான் வேலை. ஊரைக் கூட்டி மீட்டிங் போட்டுப் பிழைக்கும் சக பாவிகளே, மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பில் எனக்கு விழுந்த அடிகளைக் கேளுங்கள்.

சேர்ந்து காப்போம்

பளியர் மலைத்தேன் எடுக்கும் தேன்பாறைக்குப் போகும் பாதையை அடைக்கப் போவதாக வனத்துறை அதிகாரி சொல்லிவிட்டார். யாராவது விழுந்து செத்தால் யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. பாதை போனால் பளியருக்குப் பிழைப்பு போச்சு. கோடையில் காட்டுத்தீயை முதலில் பார்த்து அணைப்பவர்களும் அவர்கள்தான். இரு தரப்பையும் சேர்த்துவைப்பது தொண்டு நிறுவனத்து ஆளான என் பொறுப்பு.

பந்தல் போட்டு, டீயும் மிக்சரும் கொடுத்து, "இந்த மலையை நாம் சேர்ந்து காப்போம்" என்று தொண்டை வற்றப் பேசினேன். கைதட்டுவார்கள் என்று நிறுத்தினேன். ஒருவரும் தட்டவில்லை. கயிற்றில் தொங்கிப் பாறையில் இறங்கித் தேன் எடுக்கும் வேலுவின் மனைவி பேச்சி எழுந்தார்.

"நாங்க இங்கனதான சார் இருக்கோம். சேருததுன்னா நீங்கதான் வந்து சேரணும்."

பயிற்சி பெற்ற ஆள்

தேன் எடுப்பதை ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் என்று அதிகாரியைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அவர் புதுக் கயிறு, ஹெல்மெட், கயிறு பிடிக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் சகிதம் வந்து இறங்கினார். வேலு அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இறங்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்று தேன் எடுக்காவிட்டால் நாளையே பாதையில் முள்வேலி. "நானே பிடிக்கிறேன் வேலு" என்று முன்னால் போனேன். கயிறு பிடிக்க மனைவியின் கூடப்பிறந்தவன்தான் வரவேண்டுமாம். பேச்சியின் தம்பியோ திருப்பூர் பனியன் கம்பெனியில். வேலு கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் கேட்டார்.

"அவன் விட்டா அவன் அக்கா தாலி போகும். நீங்க விட்டா ஒங்களுக்கு என்ன சார் போகும்?"

மச்சினன்

பேச்சி போன் போட்டார். மறுநாள் காலை தம்பி தோள்பையோடு வந்து நின்றான். என் கெஞ்சலுக்காக ஒரு நாள் பொறுத்த அதிகாரியும் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மலையேறினார். தம்பி கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். "வாங்க", "என்ன" என்று ஒரு வார்த்தை இல்லை. வேலுவும் அவன் முகத்தைப் பார்க்காமலே பாறை விளிம்பில் இறங்கினார்.

ஏன் இப்படி என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். வீட்டுச் சண்டையாம், போன வருஷத்திலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதாம். கீழே அதலபாதாளம், மேலே கயிறு பகையாளி கையில். "மேலே தூக்குங்க, உடனே தூக்குங்க" என்று கத்தினேன். அதிகாரியும் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சி எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அவன் எம் புருசன்கிட்டதான் பேச மாட்டான் சார். கயித்த விட மாட்டான்."

வேலு தேனோடு ஏறி வந்தார், பாதையும் இன்றுவரை திறந்தே இருக்கிறது. அதற்காக வனத்துறையும் ஊரும் போட்ட ஒப்பந்தத்தில் கூட்டாளி என்று கையெழுத்துப் போட்ட என்னை மட்டும் கயிறு பிடிக்க இன்னும் யாரும் கூப்பிடவில்லை.